மார்ட்டியின் வலக்கால் பூட்ஸ்

1

இன்றைக்கு மார்ட்டியின் முப்பத்தோராம் நாள். அவர் அயர்லாந்துக்காரர். அவர்களிடம் அப்படி ஒரு நாள் இல்லை. எங்களிடம் இருக்கிறது. காலையில் அந்தியேட்டிச் சடங்கு, மத்தியானம் சாப்பாடு, சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர்களின் கையில் ஒரு கல்வெட்டு. யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்கள் கல்லில் வெட்டியதோ என்று நினைக்கவேண்டாம். இறந்தவரின் படத்தைப் போட்டு, பிறந்தது, படித்தது, கட்டியது, பெற்றது எல்லாவற்றையும் எழுதி அச்சடிக்கும் சின்னப் புத்தகம்தான்.

மொன்றியலில் அதை எழுதுகிற ஆட்களில் நானும் ஒருவன். வேலை நாளில் டோர்வல் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறேன். லீவு நாளில் செத்தவர்களின் வாழ்க்கையை எழுதுகிறேன். என்னுடைய கல்வெட்டுகளில் கெட்டவர்கள் கிடையாது. குடித்தவர் ‘நண்பர்களோடு இனிமையாகப் பழகியவர்’ ஆவார். தம்பியோடு காணிக்கு வழக்காடியவர் ‘நியாயத்துக்காகத் தளராது நின்றவர்’ ஆவார். வீட்டுக்காரர் வாசித்து அழுவார்கள். எனக்கு ஒரு பெட்டி லட்டு வரும்.

இந்தக் குறிப்பு இரண்டு மகள்மாரைப் பற்றியது. ஒருத்தி மார்ட்டியின் மகள் ஐலீன். அறுபது வருடத்துக்கு மேல் பார்க்காத அந்த மகள் வருவாளா என்று மனுஷன் காத்துக்கிடந்தார். மற்றவள் என் மகள் தர்ஷினி. அவள் கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்றைக்குக் காலையில்தான் சொன்னேன். இன்னும் இருப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தரம் எழும்பி ஜன்னலுக்குப் போய் வந்துவிட்டேன். தெருவில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, மார்ச் மாதத்து ஊத்தைப் பனிதான்.

2

பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மார்ட்டி கீழ்த்தளம், நான் மூன்றாம் மாடி. குடிவந்த கிழமை நடைபாதையில் ஒரு வெறும் தகரப்பேணி உருண்டு வந்தது. அதைக் காலால் தட்டி ஓரமாக அனுப்பினேன். ஊரில் எங்கள் கழகத்துக்கு நாலு வருடம் உதைபந்தாட்டம் ஆடியவன் நான், அந்தப் பழக்கம் விடவில்லை. வாசற்படியில் இருந்த கிழவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“வலக்காலன்,” என்றார். “பரவாயில்லை. பழக்கினால் இடக்காலும் வரும்.”

எனக்கு அப்போதே ஐம்பது. இனி எங்கே பழக்குவது!

அவர் என்னோடு பேசியது ஆங்கிலம். ஆனால் அவர் சொன்ன எதை நினைத்தாலும் எனக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் கேட்கிறது. ஆகையால் அப்படியே எழுதுகிறேன்.

அரசாங்கக் கடிதங்கள்தான் எங்களைச் சேர்த்தன. எல்லாம் பிரெஞ்சில் வரும். நான் பிரெஞ்சு வகுப்புக்கு இரண்டு தரம் போய் இரண்டு தரமும் பாதியில் விட்டவன். மார்ட்டி இங்கே வந்து அறுபது வருடம் கடந்தும் அவரிடம் இருந்தது ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ என்ற இரண்டு சொல் மட்டும். “மூண்டாவது சொல்லைப் படிக்கிறதுக்குள்ள கோடை முடிஞ்சிட்டுது, தவா,” என்பார். ஞாயிறு தோறும் தர்ஷினி சென்ட் லோரன்டிலிருந்து தன் பிள்ளையோடு வருவாள். நாங்கள் இருவரும் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையில் நிற்போம். பேரன் என்னோடு பிரெஞ்சில் பேசுவான். நான் தலையை ஆட்டுவேன். அவனுக்கு என்ன சம்மதம் கொடுக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஒருமுறை கிளினிக் படிவம் ஒன்றில் முன்னைய தொழில் என்று கேட்டிருந்தது. “இடது விங் எண்டு போடு பிள்ளை,” என்றார் மார்ட்டி. இளமையில் உதைபந்தாட்டத்தில் இடப்பக்கக் கோட்டோரம் ஓடுகிற ஆள் அவர். தர்ஷினி அதையே பிரெஞ்சில் எழுதிவிட்டாள். அடுத்த கிழமை வந்த தாதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஹொக்கி அணி என்று கேட்டாளாம். இந்த ஊரில் விங் என்றால் பனியில் சறுக்கத்தான் வேண்டும். மார்ட்டி அன்றைக்கு மருந்து குடிக்க மறுத்துவிட்டார்.

3

அவருடைய கதை இதுதான். பல கோடைகளில், வாசற்படியில், துண்டு துண்டாகச் சொன்னது.

அயர்லாந்தில் ஒரு துறைமுகப் பட்டினம். தகப்பன் கப்பலில் மூட்டை இறக்குகிறவர். அந்தக் காலத்தில் அங்கே நாட்டு விளையாட்டு என்று ஒரு பந்தாட்டம் உண்டு. அதை ஆடுகிறவன் உதைபந்தாட்டத்தைத் தொடக்கூடாது, அது இங்கிலாந்துக்காரனின் ஆட்டம். மார்ட்டி இரண்டையும் ஆடினார். யாரோ பார்த்துச் சொல்லிவிட, நாட்டு விளையாட்டிலிருந்து வெளியே போட்டார்கள். “பதினைஞ்சு வயசில தேசத்துரோகி,” என்பார். எங்களுக்குத் தெரியாத சொல்லா அது!

பதினேழு வயதில் இங்கிலாந்தின் வடக்கில் ஒரு கழகம் ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனது. மாடு ஏற்றும் கப்பலில் பயணம். தொழில்முறை ஆட்டக்காரன் என்றால் நாங்கள் நினைக்கும் பவிசு ஒன்றும் இல்லை. காலையில் பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸ் துடைக்கவேண்டும். கோடையில் மைதானத்தில் சனம் இருந்து பார்க்கும் வாங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கவேண்டும். கழகம் ஒழுங்குபண்ணிய வீட்டில், மூன்று பேர் ஒரு அறையில். எவ்வளவு திறமாக ஆடினாலும் இவ்வளவுக்கு மேல் சம்பளம் இல்லை என்று சட்டம். கழகம் விடாமல் வேறு கழகத்துக்குப் போகவும் ஏலாது. மழையில் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும். அதைத் தலையால் முட்டினால் தையல் நூல் நெற்றியைக் கிழிக்கும். நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டுவார். ஆனாலும் இடப்பக்கக் கோட்டோரம் பந்தோடு ஓடும்போது, சனம் எழும்பும் சத்தம் தன் கூடவே ஓடிவரும் என்று சொல்லும்போது, தொண்ணூறு வயது மனுஷனின் இடக்கால் படியில் தன்பாட்டில் அசையும்.

ஒருமுறை, ஒரேயொருமுறை, அயர்லாந்து அணிக்குத் தெரிவாகித் தந்தி வந்தது. அதே சனிக்கிழமை கழகத்துக்கு ஆட்டம். முகாமையாளர் தந்தியை வாசித்து, மடித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தாராம். அடுத்த தந்தி வரவேயில்லை. இரண்டு வருடத்தால் முழங்கால் போனது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓடலாம், திரும்ப ஏலாது. விங்கில் ஆடுகிறவனுக்குத் திரும்புவதுதான் பிழைப்பு. பருவம் முடிய, வைத்திருக்கிற ஆட்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதில் அவர் பெயர் இல்லை.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. மனைவியும் நாலு வயது மகளும் இருந்தார்கள். மொன்றியலில் குடியேறிகளின் கழகம் ஒன்று ஒரு கோடைக்கு ஆடக் கூப்பிட்டது. பகலில் சென்ட் லோரன்டில் விமானத் தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறில் ஆட்டம். மே மாதம் போய் செப்டெம்பரில் திரும்புவதாக ஏற்பாடு.

திரும்பவில்லை. இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு அவர் எப்போதும் தேத்தண்ணி போட உள்ளே போவார்.

4

போன வசந்தத்தில் இங்கிலாந்திலிருந்து ஐலீனின் கடிதம் வந்தது. எப்படியோ முகவரி தேடிப் பிடித்திருக்கிறாள். தாய் இறந்துவிட்டாள், எனக்கு அறுபத்தேழு வயது, என் தகப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டு சாக விரும்புகிறேன், எழுதுங்கள், அதற்குப் பிறகு வருவதா இல்லையா என்று முடிவு செய்கிறேன். இதுதான் விஷயம்.

மார்ட்டிக்குக் கை நடுக்கம், பேனை பிடிக்க ஏலாது. என்னைக் கூப்பிட்டார்.

“நீர் செத்த ஆக்களின்ர வாழ்க்கையை எழுதுறனீர் தானே? நான் முக்கால்வாசி செத்திட்டன். என்ரையை எழுதும்.”

“எழுதி வாசிச்சுக் காட்டுறன்.”

“வேண்டாம். கேக்கிற தைரியம் எனக்கில்லை. எழுதி அனுப்பும். அவள் வரவேணும் தவா, அவ்வளவுதான்.”

ஒரு கிழமை இருந்து எழுதினேன். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். எனக்குத் தெரிந்த விதமாக எழுதினேன். வேறு விதம் எனக்குத் தெரியாது. தாய்நாட்டுக்காக ஆடிப் புகழ் ஈட்டியவர். குடும்பத்தின் நல்வாழ்வுக்காகக் கடல் கடந்தவர். பாசமிகு தந்தை. அவர் அலுமாரிக்கு மேல் ஒற்றைப் பூட்ஸ் ஒன்று இருந்தது. பழைய தோல், கணுக்காலுக்கு மேல் ஏறும் வகை. அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அது ஏதோ பெரிய ஆட்டத்தில் கோல் அடித்த பூட்ஸாக இருக்கவேண்டும் என்று நானே முடிவுகட்டி, ‘வெற்றிக் கோல் அடித்த பூட்ஸை இன்றும் கண்ணாகக் காத்து வருகிறார்’ என்று முடித்தேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அவள் கடிதத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டேன்.

பதில் இரண்டு நாளில் மின்னஞ்சலில் வந்தது. ‘நீங்கள் எழுதியது கிடைத்தது. நன்றி. அந்தப் பூட்ஸ் எந்தக் காலுடையது என்று அவரிடம் கேளுங்கள். மற்றது எங்கே என்றும் கேளுங்கள்.’ வருகிறேன் என்ற சொல் எங்கேயும் இல்லை.

கீழே போய் அலுமாரிக்கு மேலிருந்து பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். வலக்கால். ஆயுள் முழுக்க இடக்காலால் அடித்த மனுஷன் வெற்றிக் கோலுக்கு ஞாபகமாக வலக்கால் பூட்ஸை ஏன் வைத்திருக்கப்போகிறார்? பந்து விளையாடிய எனக்கே இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

5

நான் எழுதியதையும் அவள் பதிலையும் வாசித்துக் காட்டினேன்.  மார்ட்டி அன்றைக்குத் தேத்தண்ணி போட எழும்பவில்லை.

“வெளிக்கிடுற காலமை இடக்கால் பூட்ஸைக் காணேல்ல,” என்றார். “ஐலீன் கதவுக்குப் பின்னால நிண்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டவள். நிலக்கரிக் கொட்டில் கதவு இடுக்கால லேஸ் வெளியில தெரிஞ்சுது. நாலு வயசு, ஒளிக்கத் தெரியேல்ல. பூட்ஸ் இல்லாட்டி அப்பா போகமாட்டார் எண்டு நினைச்சிருக்கிறாள். நான் காணாத மாதிரி இருந்திட்டு, மற்றதைப் பையில போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுட்டன்.”

“ஏன் எடுக்கேல்ல?”

“எடுத்தா அழுவாள். கப்பலுக்கு நேரம் போகுது.”

“பேந்து ஏன் திரும்பிப் போகேல்ல?”

“காரணம் ஒண்டும் இல்லை, தவா. ஒரு கோடை முடிய இன்னொரு கோடை எண்டாங்கள். கடிதம் போட்டன். பேந்து கடிதம் குறைஞ்சுது. இஞ்ச ஒருத்தருக்கும் நான் ஆர் எண்டு தெரியாது, முழங்கால் போனவன் எண்டு தெரியாது. அது சுகமா இருந்தது. உம்மட புத்தகத்தில அதுக்கு இடம் இல்லையோ?”

நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். பார்க் மெட்ரோவிலிருந்து அக்காடி மெட்ரோ வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் அகதியாக வந்தபோது தர்ஷினிக்கு மூன்று வயது. அவளும் என் மனைவி ராணியும் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பத்து. ஏன் ஏழு வருடம் என்று யார் கேட்டாலும் குடிவரவுக் கந்தோரைத் திட்டுவேன். ‘உவங்கள் பேப்பரை இழுத்தடிச்சவங்கள்’ என்பேன். எல்லோருக்கும் இழுத்தடித்ததால் எல்லோரும் நம்பினார்கள். இழுத்தது உண்மை. ஆனால் என்னுடைய அகதி வழக்கு இரண்டு வருடத்தில் சரிவந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்களைக் கூப்பிடும் படிவம் இரண்டு வருடமும் நாலு மாதமும் என் மேசை லாச்சியில் கிடந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு பெண் யாரும் இல்லை. ஆறு ஆண்கள் ஒரு வீட்டில், ஆளுக்கொரு நேரத்தில் வேலை, ஒருவரை ஒருவர் ஏனென்று கேட்பதில்லை. நான் யாருக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. மார்ட்டி சொன்ன அதே சுகம். அந்தப் படிவம் லாச்சியில் கிடந்த நாட்களில்தான் அங்கே ராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுதும் வீடுகளை விட்டு எழும்பி நடந்தது. ராணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழைக்குள் நடந்திருக்கிறாள். அந்தச் செய்தி கேட்ட பிறகும் உடனே நான் லாச்சியைத் திறக்கவில்லை. முகம் கொடுக்கப் பயந்து இன்னும் தள்ளிப்போட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் ராணி இறந்தாள். அவளுடைய கல்வெட்டையும் நான்தான் எழுதினேன். ‘கனடிய அரசின் தாமதத்தால் ஏழாண்டுகள் பிரிந்து வாழ நேர்ந்தது’ என்று அச்சில் போட்டேன்.

6

இரண்டாம் தரம் மார்ட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. கை குறுகுறுத்தது, அடக்கிக்கொண்டேன். தந்தி வந்தது, ஆடவில்லை. கொட்டில் கதவில் லேஸைக் கண்டேன், எடுக்கவில்லை. திரும்பி வரவில்லை, காரணம் இல்லை. ஒன்றரைப் பக்கம்.

பத்தொன்பது நாள் பதில் இல்லை. மார்ட்டி சாப்பாட்டைக் குறைத்தார். நான் வேலையில் ஒரு மனுஷியைப் பிழையான வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பேச்சு வாங்கினேன். இருபதாம் நாள் ஒரு வரி வந்தது. விமானத்தின் இலக்கமும் நேரமும் மட்டும்.

டோர்வலில் நான்தான் போய் நின்றேன். பெயர் எழுதிய அட்டை தேவைப்படவில்லை. கோட்டோரம் ஓடுகிறவர் போல ஒரு தோளைச் சரித்துக்கொண்டு சின்ன உருவம் ஒன்று விறுவிறென்று வந்தது.  ஐலீன் மார்ட்டியின் அறைக்குள் போனதும் அவரைப் பார்க்கவில்லை, நேரே அலுமாரிக்குப் போய்ப் பூட்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“மற்றது எங்கை?”

“நிலக்கரிக் கொட்டிலுக்க,” என்றார் மார்ட்டி.

“அப்ப உண்மையிலேயே கண்டனீங்கள்.”

“கண்டனான்.”

அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள். “நீங்கள் தேடிக் களைச்சு, கோவிச்சுக்கொண்டு போனீங்கள் எண்டு நினைச்சன். நான் ஒளிச்சதாலதான் திரும்பி வரேல்ல எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் கொட்டில் வாசல்ல நிண்டனான், வந்தால் எடுத்துத் தரலாம் எண்டு. இரண்டாம் வருசம் அம்மா அதைக் குப்பையில போட்டிட்டா. உங்கட கடிதம் வாசிக்கும்வரைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்.”

அறுபத்தேழு வயதுப் பெண்.  மார்ட்டி சொன்னார்: “உன்னில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. நான்தான் வரேல்ல.”

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். ஒன்பது நாள் நின்றாள். மூன்றாம் நாள் அவள் போட்ட சத்தம் என் மூன்றாம் மாடிக்குக் கேட்டது. ஐந்தாம் நாள் இருவரும் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தார்கள். திரும்பிப் போன பிறகு ஞாயிறு தோறும் தொலைபேசி எடுத்தாள். போன மாதம் மார்ட்டி போனதும் மறுபடி வந்தாள். அடக்கம் முடித்து, வலக்கால் பூட்ஸைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். போகும்போது, “முப்பத்தோராம் நாளுக்கு ஏதோ புத்தகம் போடுவீங்களாமே, அப்பா சொன்னவர். இரண்டாவதா எழுதினதைப் போடுங்கோ,” என்றாள்.

7

அதுதான் இன்றைக்குக் காலையில் என் குசினி மேசையில் நடந்தது. நான் சொல்ல, தர்ஷினி மடிக்கணினியில் தட்டினாள். இருபது பிரதி போதும், மத்தியானத்துக்குள் வீட்டிலேயே அச்சடித்துவிடலாம்: கட்டடத்துச் சனம், ஹொக்கித் தாதி, ஐலீன். பேரன் மற்ற அறையில் பிரெஞ்சுக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘மனைவியையும் நாலு வயது மகளையும் விட்டுப் போனார். திரும்பி வரவில்லை. காரணம் இருந்ததாக அவர் சொல்லவில்லை.’

தட்டிய கை நின்றது. “கல்வெட்டில இப்பிடி எழுதலாமோ, அப்பா?”

ஐலீன் கொட்டில் வாசலில் நின்ற கதையைக் கேட்ட நாளிலிருந்து ஒரு பயம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. என் பிள்ளை எந்த வாசலில் நின்றாளோ, எதைத் தன் பிழை என்று நினைத்தாளோ? நான் எழும்பினேன், இருந்தேன், மறுபடி எழும்பினேன். நின்றபடியே சொன்னேன். லாச்சி, படிவம், இரண்டு வருடமும் நாலு மாதமும், எல்லாம். குடிவரவுக் கந்தோரில் பிழை இல்லை என்றேன். “நான்தான் கையெழுத்துப் போடேல்ல, தர்ஷி.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும், அப்பா.”

“என்ன தெரியும்?”

“நீங்கள் கையெழுத்துப் போட்ட திகதி ஃபோமில கிடக்குத்தானே. உங்களுக்கு இஞ்ச பேப்பர் கிடைச்ச திகதியும் கிடக்கு. அம்மாதான் காட்டினவ. எனக்கு அப்ப பதினெட்டு.”

ராணிக்குத் தெரியும். இருபது வருடம் என்னோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவள், நான் விருந்தாளிகளுக்கு முன் கனடா அரசாங்கத்தைத் திட்டும்போது பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றவள், அவளுக்குத் தெரியும்.  கதிரையைப் பிடித்தேன்.

“ஏன் ஒருத்தரும் கேக்கேல்ல?”

“அவர் தானாச் சொல்லட்டும் எண்டவ அம்மா.” தர்ஷினி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தாள். “அம்மாவின்ர கல்வெட்டில சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன். அண்டைக்கு எல்லாரும் சாப்பிடேக்க நான் அறைக்குள்ள இருந்து அதைக் கடைசிப் பக்கம்வரை வாசிச்சன். அச்சகத்தின்ர பேர்வரை வாசிச்சன், அப்பா.”

 

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கதிரையைக் காலால் எனக்காக இழுத்துவிட்டாள். கையை மறுபடி எழுத்துகளின் மேல் வைத்தாள்.

“இருங்கோ அப்பா,” என்றாள். “அடுத்த வரியைச் சொல்லுங்கோ.”